பத்துக்கு மூன்று பொருத்தம்

மழை வந்தால் கிள்ளானுக்குப் போகும் கொம்யூட்டர் என்ற புறநகர் ரயிலுக்கு நடை தளர்ந்துவிடும். அன்று சுபாங் ஜெயாவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரேயடியாக நின்றே விட்டது. தண்டவாளத்தில் தண்ணீர் ஏறிவிட்டதாம். மலாயில் ஓர் அறிவிப்பு, பெருமூச்சு விட்ட சில பயணிகள், கண்ணாடியில் வழிந்த மழை... அவ்வளவுதான்.

சந்திரகலா எதையும் கவனிக்கவில்லை. அவள் மடியில் ஒரு கட்டுக் காகிதம் இருந்தது. இரு ஓரமும் துளையிட்டு, மடிப்பு மடிப்பாக நீளும் பிரிண்டர் காகிதம். பக்கம் பக்கமாக எண்கள், மூன்றெழுத்துக் கட்டளைகள். ஓரிடத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, அது போதாதென்று மறுபடியும் வட்டமிட்டு, பக்கத்தில் 'ஏன்?' என்று எழுதியிருந்தாள்.

நின்ற ரயில் திடீரென்று ஒரு குலுக்கு குலுக்கியது. கட்டு நழுவி, மடிப்பெல்லாம் அவிழ்ந்து, எதிரே உட்கார்ந்திருந்தவனின் ஈரச் சப்பாத்தின்மேல் போய் விழுந்தது.

"சாரி... சாரி..."

"பரவால்ல லா. இருங்க, நான் எடுக்குறேன்."

அவன் குனிந்து பொறுக்கினான். தெரியாதவர்கள் அந்தக் காகிதத்தைச் சுருட்டிக் கசக்கிக் கொடுப்பார்கள். இவன் மடிப்பு மாறாமல் மேலும் கீழுமாகச் சரியாக அடுக்கினான். அடுக்கியவன் திருப்பித் தரவில்லை... சிவப்பு வட்டத்தில் பார்வை நின்றுவிட்டது. தூக்கம் போதாத, நீண்ட இமைகள் கொண்ட கண்கள். ஆண்பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு நீளமான இமை என்று சந்திரகலாவுக்குத் தோன்றியது. தோன்றியதற்காகத் தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

"படிச்சு முடிச்சாச்சுன்னா குடுக்குறீங்களா?"

"இது... யாரு எழுதின ப்ரோகிராம்?"

"தெரியல. யாரோ ஒரு முட்டாள்."

அவனுக்குப் புரையேறியது. "முட்டாளா?"

"முழு முட்டாள் இல்ல. மத்ததெல்லாம் ரொம்ப அழகா எழுதியிருக்கான். அதான் கோவமே." சந்திரகலாவுக்கு இந்த மாதிரிப் பேச ஆள் கிடைத்து வெகுநாள் ஆகியிருந்தது. கிடைத்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது. "இந்த வட்டத்தைப் பாருங்க. ஒருத்தர் பேரு குடுத்தா, அதுல ஏ/எல், ஏ/பி எங்க இருக்குன்னு தேடுது. அதுக்குப் பின்னாடி வர்றதை அப்பா பேருன்னு எடுத்துக்குது. சரி. ஆனா ஏ/பி இல்லாட்டி? பேரு முடிஞ்சாலும் நிக்காது. தேடிக்கிட்டே போகுது. கடைசியில மிஷினே உறைஞ்சு போகுது."

மகன் என்றால் ஏ/எல், மகள் என்றால் ஏ/பி. அதைப் போட்டு அப்பா பெயரை எழுதுவது இந்நாட்டு இந்தியர்களின் வழக்கம். பிறப்புப் பத்திரத்திலும் ஐ.சி. என்னும் அடையாள அட்டையிலும் ஏறியது, ஆள் போன பிறகுதான் இறங்கும்.

அவன் காகிதத்தைத் தட்டினான். "இந்தியன் பேருன்னா ஏ/எல், ஏ/பி இருக்குமே... டைப் பண்ணவங்க விட்டிருப்பாங்க. ப்ரோகிராம் மேல தப்பு இல்ல."

"டைப் பண்ணவங்க விடல. அவங்களுக்கு இல்ல."

"அது எப்படி? எல்லாருக்கும் ஒரு அப்பா இருப்பாரு தானே?" என்று சிரித்தான். சாதாரணமாகத்தான் சிரித்தான்.

சந்திரகலா எழுந்து அவன் கையிலிருந்து கட்டை வாங்கிக்கொண்டாள்.

"இருப்பாரு. பேரு குடுத்துட்டுப் போயிருக்கணுமே. என் ஐ.சி.யில வெறும் சந்திரகலாதான். நம்பலைன்னா காட்டட்டா?"

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. அவள் அதைப் பார்க்கக் காத்திருக்கவில்லை. அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள்.

முன்பின் தெரியாத ஆளிடம், அதுவும் ரயிலில் வைத்து, முப்பது வயதுப் பெண் இப்படியா பேசுவாள்? பேசிவிட்டாள். அங்கே இடம் காலியாக இருந்தும் கிள்ளான் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனாள். கம்பி சில்லென்றிருந்தது, முகம் மட்டும் கொதித்தது.

அந்த ப்ரோகிராம் அவளிடம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பிரிக்ஃபீல்ட்ஸில் மாடிப்படியேறினால் ஒரு கம்ப்யூட்டர் கடை. சந்திரகலா அங்கேதான் வேலை. தெருவின் மறுகோடியில் குணபூசணி அம்மாள் நடத்தும் திருமணத் தகவல் நிலையம். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், நெற்றியில் எப்போதும் திருநீறு, பேச்சில் எப்போதும் அதிகாரம். ஒரு நாள் தம் கம்ப்யூட்டரை ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார்.

"பிள்ளை, சாதகப் பொருத்தம் பார்க்கிற ப்ரோகிராம் இது. நல்லாத்தான் வேலை செய்யும். சில பேரைக் கண்டா மட்டும் விறைச்சுப்போய் நிக்குது. போன மாசம் ஒருத்திக்கு வேற ஆரோ மனிசன்ர பேரை அப்பாவெண்டு அச்சடிச்சுக் குடுத்திட்டுது. மாப்பிள்ளை வீட்டுக்காரர் வந்து சண்டை."

"எழுதினவர்கிட்ட கேக்கலாமே ஆன்டி?"

"எழுதினவன் இதைக் கைவிட்டிட்டான்." பெயரைச் சொல்லாமலே ப்ளாப்பிப் பெட்டியை மேசைமேல் வைத்தார்.

மூலத்தை எழுதி வைத்த ப்ளாப்பிகள் இருந்தன. ஆனால் இந்த ஊர் ஈரத்துக்கு ஊறுகாயே பூத்துப் போகிறது, ப்ளாப்பி எம்மாத்திரம்? உள்ளே தகடு முழுக்க வெள்ளைப் பூஞ்சை. மனிதர் படிக்கும்படி எழுதப்பட்டதெல்லாம் அதோடு போயிற்று. மிச்சம் இருந்தது மிஷினுக்கு மட்டும் புரியும் எண்கள்தான். குழம்பை ருசி பார்த்து என்னென்ன அரைத்துப் போட்டார்கள் என்று கண்டுபிடிப்பதைப்போல, அந்த எண்களைப் பிரித்துப் பிரித்து, எழுதியவன் என்ன நினைத்து எழுதினான் என்று பின்னோக்கிப் போக வேண்டும். கடையில் வேறு யாரும் தொடமாட்டார்கள். சந்திரகலாவுக்கு இது பிடிக்கும். தனியாக இருப்பவர்களுக்கே பிடிக்கிற வேலை இது.

அம்மா போனபின் அவள் கிள்ளானில் ஓர் அறையில் தனியாக இருந்தாள். ஒரு பிடி அரிசி, ஒரு முட்டை, ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தம். பெண் பார்க்க வந்தவர்கள் உண்டு. காப்பி குடித்துக்கொண்டே "அப்பா பேரு என்ன?" என்பார்கள். பதிலைக் கேட்டதும் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போவார்கள். பிறகு அவளே யாரையும் வர வேண்டாமென்று சொல்லிவிட்டாள்.

இந்த நிலையில்தான் அந்த முகம் தெரியாத ஆள் அவள் நாட்களுக்குள் வந்தான். எண்களுக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக. எதையும் அழிப்பதற்குமுன் இரண்டு தடவை கேட்கிறவன். தப்பாக ஒரு விசையைத் தட்டினால் மற்றவர்களைப்போல் 'எர்ரர்' என்று குரைக்காமல், 'பரவாயில்லை, மறுபடி' என்று ரோமன் எழுத்தில் சொல்கிறவன். பத்துப் பொருத்தமும் சேர்ந்துவிட்டால் அந்த ஓட்டைப் பெட்டியின் ஸ்பீக்கரைக் கொண்டே கெட்டிமேளம் அடிக்க வைத்தவன். முதன்முதல் அதைக் கேட்டபோது, வெறும் கடையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள் சந்திரகலா. யார் இவன்... எங்கே இருக்கிறான்... கல்யாணம் ஆகியிருக்குமா? ச்சே, என்ன நினைப்பு இது?

அப்புறம்தான் சிவப்பு வட்டமிட்ட அந்த இடம் வந்தது. இவ்வளவு இதமானவனுக்கும் அப்பா பெயர் இல்லாத ஒரு பெண் இருப்பாள் என்று தோன்றவே இல்லை. அதைத்தான் அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

சனிக்கிழமை, ப்ரோகிராமைத் திருத்த நிலையத்துக்குப் போனாள்; கம்ப்யூட்டர் ஏற்கெனவே அங்கே திரும்பிப் போயிருந்தது. குணபூசணி அம்மாள் முன்னறையில் யாரிடமோ தொலைபேசியில் வரன் பேசிக்கொண்டிருந்தார். திருத்துவதற்குமுன் பழையதை ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும், அது தொழில் முறை. ஏ/பி இல்லாத ஒரு பெயர் வேண்டும். வேறு யார் பெயரைத் தேடுவது? தன் பெயரையே அடித்தாள். பிறந்த தேதி, நேரம், நட்சத்திரம் எல்லாம் உண்மையே.

மிஷின் உறையவில்லை. சற்று யோசித்தது. பிறகு திரையில் வரி வரியாக வந்தது.

சந்திரகலா. தகப்பனார்: வல்லிபுரம்.

இது ஏன் என்று அவளுக்குத் தெரியும். அவள் பெயர் முடிந்த பிறகும் தேடிப் போய், இதற்குமுன் யாரோ அடித்துவிட்டுப் போன பெயரின் மிச்சம் நினைவகத்தில் கிடந்ததை எடுத்துக்கொண்டது. தெரியும்... தெரிந்தும் பார்த்துக்கொண்டே இருந்தாள். தன் பெயருக்குக் கீழே ஓர் ஆணின் பெயர். பள்ளிக்கூடத்தில், வங்கியில், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால், இந்த ஒரு வரி இருந்திருந்தால் போதுமே. வல்லிபுரம் யாரோ, அவருக்கு மீசை உண்டோ இல்லையோ, ஒரு நிமிடம் அவள் அப்பாவாக இருந்துவிட்டுப் போனார்.

பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திருத்தத் தொடங்கினாள். உருவாகி முடிந்த ப்ரோகிராமில் புதிதாக ஓர் எழுத்தைக்கூட நுழைக்க முடியாது. இருப்பதை மாற்றத்தான் முடியும். யாரும் உபயோகிக்காத பழைய வாழ்த்துச் செய்தி ஒன்று உள்ளே கிடந்தது. அந்த இடத்தில் தன் கட்டளைகளை வைத்து, தேடல் அங்கே வந்து போகும்படி செய்தாள். பெயர் முடிந்தால் நில். அப்பா பெயர் இல்லையென்றால் வெறுமையாக விடு. மேலே போ.

மறுபடி ஓட்டினாள். சந்திரகலா. அதன் கீழே ஒன்றுமில்லை. வேலை சரியாக முடிந்தது. நெஞ்சுதான் கனத்தது.

"அம்மா, குடை எங்க வெக்க?"

வாசலில் நனைந்தபடி நின்றவனைப் பார்த்து அவள் கை விசைப்பலகையிலேயே நின்றுவிட்டது. அதே இமைகள்.

குணபூசணி அம்மாள் தொலைபேசியை வைத்துவிட்டு வந்தார். "வா, வா. பிள்ளை, இது என்ர மகன் சண்முகரத்தினம். மேருவில ஒரு பேக்டரியில வேலை. சனிக்கிழமையில்தான் தாயின்ர நினைப்பு வரும். இந்தப் ப்ரோகிராமை எழுதினவனும் இவன்தான். திருத்தித் தாடா எண்டா தொடவே மாட்டான்."

ரயிலில் அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது... முட்டாள் என்றதைக் கேட்டுக்கொண்டும், 'காட்டட்டா' என்றதைக் கேட்டுக்கொண்டும் பேசாமல் உட்கார்ந்திருந்திருக்கிறான். அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது.

"நான் அன்னைக்கே..." என்று ஆரம்பித்தான் அவன்.

"வேலை முடிஞ்சிருச்சு ஆன்டி. இனிமே உறையாது."

சண்முகரத்தினத்தின் பார்வை அவளை விட்டு நகரவில்லை. தாய்க்கு அது தெரியாமல் இருக்குமா? வரன் பார்த்தே பழகிய கண். குணபூசணி அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு, வாடிக்கைக்காரர்களிடம் கேட்கும் அதே குரலில் கேட்டார்.

"நீங்கள் எந்த ஊர் ஆக்கள் பிள்ளை? அப்பாவின்ர பேர் என்ன?"

"அம்மா," என்று தடுத்தான் அவன்.

சந்திரகலா பையை எடுத்துக்கொண்டாள். குரல் நடுங்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள். நடுங்கவில்லை. "அப்பா பேரு எனக்குத் தெரியாது ஆன்டி. உங்க மிஷின் இனிமே அதைத் தேடாது. நீங்க தேடுறதை என்னால திருத்த முடியாது."

சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். பின்னாலேயே அவன் படியிறங்கி வரும் சத்தம் கேட்டது. அவள் திரும்பாமல் மழைக்குள் இறங்கிச் சாலையைக் கடந்தாள். யாரும் பார்க்காத இடம் வந்ததும்தான் அழுதாள். மழைக்கு ஒரு சௌகரியம் உண்டு, அழுகையைத் தனியாகக் காட்டிக் கொடுக்காது.

அடுத்து வந்த நாட்கள் முன்பைவிட நீளமாக இருந்தன. கடையில் இப்போது பிரித்துப் பார்க்க ஒன்றுமில்லை. மாலையில் ரயிலேறினால் எதிர் இருக்கையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, பார்த்தால் யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள். சமைக்கப் பிடிக்காமல் ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றாள். தனிமை அவளுக்குப் புதிதல்ல. ஆனால் இதுவரை அவள் யாருக்காகவும் காத்திருந்ததில்லை. இப்போது அறைக்குள் தனிமையோடு ஒரு காத்திருப்பும் சேர்ந்து உட்கார்ந்துகொண்டது. வேண்டாம் என்று வந்தவள் அவள்தானே, எதற்காகக் காத்திருக்கிறாள்? கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது.

ஒரு மத்தியானம், முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரம், படியில் காலடி கேட்டது.

"என்ன ரிப்பேர் சார்?" நிமிராமலே கேட்டாள். சப்பாத்தைப் பார்த்ததுமே ஆளைத் தெரிந்துவிட்டது.

"சார் வேணாம். முட்டாள்னே கூப்பிடுங்க. பழகிடுச்சு."

அவள் சிரிக்கவில்லை. உதட்டோரம் மட்டும் கேட்காமல் அசைந்தது. "ரயில்லயே சொல்லியிருக்கலாம்."

"முதல்ல வெக்கமா இருந்துச்சு. அப்புறம் நீங்க ஐ.சி. பத்திச் சொன்னீங்க... அதுக்கு மேல 'எழுதினவன் நான்தான்'னு எப்படிங்க சொல்றது? அடுத்த பெட்டி வரைக்கும் வந்தேன். நீங்க முதுகைக் காட்டி நின்னீங்க. திரும்பிப் போயிட்டேன்." அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "நீங்க டெஸ்ட் பண்ணப் போட்ட பேரை அழிக்காம வந்துட்டீங்க."

சந்திரகலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவன் செய்கிற தப்பு. சோதனைக்கு அடித்ததை அழிக்காமல் விட்டுவிட்டு வருவதா... அதுவும் தன் பெயரை... அதுவும் கல்யாணத் தகவல் நிலையத்தில்?

"புதுசா எந்தப் பொண்ணு பேரு ஏறினாலும் அம்மா என் பேரோட போட்டுப் பாப்பாங்க. அந்தப் பயத்துலதான் நான் அந்த ப்ரோகிராமையே தொடுறதில்ல. உங்க பேரையும் போட்டுட்டாங்க."

வெளியே பஸ் ஒன்று தண்ணீரை வாரியடித்துக்கொண்டு போயிற்று.

"பத்துக்கு மூணு," என்றான்.

இதில் வலிக்க என்ன இருக்கிறது? வலித்தது. "சரி. இதைச் சொல்லவா மேருவுலேருந்து வந்தீங்க?"

"ஆமா. அம்மா ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினாங்க. 'பார், நீ எழுதினதே வேண்டாம் எண்டு சொல்லுது'ன்னாங்க. நான் சொன்னேன்... 'எழுதினவனை எனக்குத் தெரியும்மா. பெரிய அறிவாளி இல்ல அவன். அப்பா பேரு இல்லாம ஒருத்தர் இருப்பாங்கன்னு கூட யோசிக்கத் தெரியாதவன். அவன் பேச்சைக் கேட்டு நான் இந்தப் பொண்ணை விட்டுடணுமா?'"

"அம்மா என்ன சொன்னாங்க?"

"பேசல. இன்னும் பேசல. பேசுவாங்க, கொஞ்ச நாளாகும். அதுக்காக நான் இங்க வராம இருக்க முடியல."

அவள் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள். "உங்களுக்கு என்னைத் தெரியவே தெரியாதுங்க."

"தெரியாது. அதான் கேட்டுத் தெரிஞ்சுக்க வந்தேன். ஒன்னு கேக்கலாமா?"

சந்திரகலாவின் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. வரப்போகிற கேள்வி எதுவென்று அவளுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து அந்த ஒரே கேள்விதான். கேட்கட்டும்... இவனும் கேட்டுவிட்டுப் போகட்டும்.

"கேளுங்க."

"உங்க அம்மா பேரு என்ன?"

அவள் அவனைப் பார்த்தாள். கேள்வி சரியாக விளங்காததைப்போல் பார்த்தாள். அம்மா... ஆஸ்பத்திரியில் ஆயாவாக வேலை செய்து, லைசால் மருந்து வாசனையோடு வீட்டுக்கு வந்து, இந்த ஒரு பெண்ணைப் படிக்க வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தவள். பள்ளியிலும் சரி, வங்கியிலும் சரி, காப்பி குடிக்க வந்தவர்களும் சரி, இதுவரை ஒருவர்கூட அம்மாவின் பெயரைக் கேட்டதில்லை.

"தனலெட்சுமி," என்றாள். ஈரமான கண்ணோடு அந்தப் பெயரை மறுபடியும் சொன்னாள். "அம்மா பேரு... தனலெட்சுமி."

அவன் கைக்குட்டையை நீட்டினான். அவள் அதை வாங்கி, துடைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டாள்.

"நானும் ஒன்னு சொல்லிடுறேன்," என்றாள். "உங்க முகத்தைப் பாக்குறதுக்கு முன்னாடியே எனக்கு உங்களைப் பிடிச்சிருந்துச்சு. அழிக்குறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை கேக்குற ஆளு... தப்பு பண்ணா திட்டாத ஆளு... இப்படி ஒருத்தர் எங்கயோ இருக்காருன்னு நெனச்சுக்கிட்டேதான் வீட்டுக்குப் போவேன். அதனாலதான் அந்த ஒரு இடத்தைப் பார்த்ததும் அவ்வளவு கோவம். வேற யாராச்சும் எழுதியிருந்தா இவ்வளவு வலிச்சிருக்காது."

"இப்பவும் கோவமா?"

"கொஞ்சம் இருக்கு. ஆனா போயிடாதீங்க."

அவன் போகவில்லை. பழைய மானிட்டர் பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு, அவளுக்கு நேரெதிரே உட்கார்ந்தான்.

"அம்மா எப்படி இருப்பாங்க? சொல்லுங்க."

"என்னை மாதிரியேதான்... கண்ணு, மூக்கு எல்லாம்."

சண்முகரத்தினம் அவள் முகத்தை நிதானமாகப் பார்த்தான். வெட்கம் பிடுங்கித் தின்றாலும் இந்தத் தடவை அவள் எழுந்து அடுத்த பெட்டிக்குப் போகவில்லை.

"அப்படின்னா ரொம்ப அழகா இருந்திருப்பாங்க," என்றான்.